பார்த்தது மட்டும்

புதுச்சேரி
2-12-2024

அன்புள்ள தம்பி கோவிந்தராசு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? துர்காவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுத்து இப்போது தெளிவாகத் தெரிவதால் கடிதம் நீளும். பொறுத்துக்கொள்.

அம்மாவின் காரியத்துக்கு நாள் குறித்தபோது போனில் நாம் பேசிய பேச்சுக்குப் பிறகு, இனிமேல் கடிதம்தான் என்று நீயே சொன்னாய். நல்ல முடிவு. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரியில் என்னை விடவில்லை. சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளுக்கு ‘வன்முறையற்ற உரையாடல்’ என்று ஒரு பயிற்சி நடத்துகிறேன். முதல் நாளே திலீபன் என்ற மாணவன் எழுந்து, “வடக்கனுங்க வந்துதான் நம்ம ஆளுங்களுக்கு வேலை போச்சு மேடம்” என்றான். நாளைக்கு மக்களிடம் வேலை செய்யப் போகிற பிள்ளை. நான் திட்டவில்லை. நீ பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல் என்றேன். அவனால் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை.

இந்தப் பயிற்சியில் நான்கு படிகள். பார்த்ததைச் சொல்வது, உணர்ந்ததைச் சொல்வது, எனக்கு என்ன தேவை என்று சொல்வது, கடைசியில் கேட்பது. ‘நீ சோம்பேறி’ என்றால் அது தீர்ப்பு. ‘இந்த வாரம் மூன்று நாள் ஒன்பது மணிக்குப் பிறகு வந்தாய்’ என்றால் அது பார்த்தது. முதலாவதற்குச் சண்டை வரும், இரண்டாவதற்குப் பதில் வரும்.

உன் பீங்கான் கம்பெனியில் ஒடிசாக்காரர்களும் நம் ஊர்க்காரர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்களே. திலீபனையும் காவியா என்ற பெண்ணையும் வாரம் மூன்று நாள் அங்கே களப்பணிக்கு அனுப்பட்டுமா? உன் சம்மதம் கிடைத்தால் பொங்கலுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

உன் அக்கா,
செல்வநாயகி


விருத்தாசலம்
11-12-2024

அன்பான அக்காவுக்கு,

கால் அப்படியேதான் இருக்குது. நான்தான் அதைப் பத்திப் பேசறதை நிறுத்திட்டேன். துர்கா உனக்கு வடகம் போட்டு வெச்சிருக்கா.

பிள்ளைங்க வரட்டும். ஆனா இங்க நடக்கறதைத் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும். ஒடிசாக்காரங்க எட்டுப் பேர். களிமண் கூழை அச்சுல ஊத்துற வேலை அவங்களுது. சூளைக்குப் பின்னாடி ஜாடியைக் கிளேஸ்ல, அதான் பளபளப்புப் பூச்சுல, முக்குறது நம்ம பொம்பளைங்க. இவங்களுக்கும் அவங்களுக்கும் குழாயடியில தினமும் தகராறு. போன வாரம் ஆராயி, “உங்க ஊர்ல ஆறே இல்லியா, இங்க வந்து ஒரேயடியா குளிக்கிறீங்க”ன்னு கேட்டா. சுதாம்னு ஒரு பையன், நல்லாத் தமிழ் பேசுவான். “ஆறு இருக்குக்கா, வேலைதான் இல்ல”ன்னான். ஆராயியே சிரிச்சிட்டா. ஆனா மேஸ்திரி அர்ச்சுனன் சிரிக்கல. அவன் என்கிட்ட இருபது வருசமா இருக்கான். அவன் தம்பிக்கு இந்த வேலையைக் கேட்டான், நான் குடுக்கல. அந்தக் கோவம்.

உன் நாலு படியை வெச்சு அர்ச்சுனனைச் சிரிக்க வெச்சா உனக்கு மாலை போடறேன்.

தம்பி
கோவிந்தராசு


புதுச்சேரி
6-1-2025

அன்புள்ள தம்பிக்கு,

புது வருடத்தில் நீயும் துர்காவும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். வடகம் வந்து சேர்ந்தது. பாதி தீர்ந்தும்விட்டது.

மாலையைத் தயாராக வை. காவியா அனுப்பும் அறிக்கைகளைப் படித்து எனக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். குழாயடிச் சண்டை தீர்ந்துவிட்டதாமே. “ஏழு மணிக்கு என் குடம் நகர்ந்து கிடந்துச்சு, பொண்ண ஸ்கூல் வேனுக்கு அனுப்ப நேரமாயிடும்னு எனக்குப் பதட்டமா இருந்துச்சு, ஏழரை வரைக்கும் குழாயை எங்களுக்கு விடுங்க” என்று ஆராயி கேட்டாளாம். எட்டுப் பேரும் சரி என்றார்களாம். திலீபன் இப்போது ‘வடக்கனுங்க’ என்று சொல்வதில்லை. எட்டுப் பேரின் பெயரையும், ஊரையும், யாருக்குக் காரம் ஆகாது என்பதையும் சொல்கிறான்.

இன்னொன்றும் செய்திருக்கிறோம். டீ குடிக்கும் கொட்டகைச் சுவரில் பிள்ளைகள் போகும் நாளெல்லாம் ஒரு தாள் ஒட்டுகிறார்கள். அன்று பார்த்தது மட்டும் அதில் இருக்கும். கருத்து கிடையாது. ஒட்டுவதற்கு முன் என்னிடம் அனுப்புவார்கள், நான் திருத்துவேன். ஓர் உதாரணம் சொல்கிறேன், கேள். காவியா எழுதியிருந்தாள்: “ஆராயி அக்கா கேட்டுக்கொண்டதால், சுதாம் அண்ணன் தினமும் அவர் மகள் வெண்பாவை வேனிலிருந்து அன்பாக அழைத்து வருகிறார்.” கேட்டுக்கொண்டதை நீ பார்த்தாயா என்றேன். இல்லை, சுதாம் சொன்னார் என்றாள். அப்படியானால் அதை அடி என்றேன். ‘அன்பாக’ என்பது உன் கருத்து, அதையும் அடி என்றேன். கடைசியில் எவ்வளவு சுத்தமாக வந்தது பார்: “சுதாம் மூன்று நாளாக மாலை நாலரை மணிக்கு வெண்பா இறங்கும் இடத்தில் நிற்கிறார். ஒரு பொம்மை கொடுத்தார். கையைப் பிடித்துச் சூளைக்குப் பின்னால் கூட்டிச் சென்றார்.”

ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. வகுப்பில் இதைத்தான் மாதிரியாக வாசித்துக் காட்டினேன்.

அன்புடன்,
அக்கா


விருத்தாசலம்
20-1-2025

அக்காவுக்கு,

பொங்கல் நல்லா போச்சு. துர்காவுக்கு லேசா ஜுரம், இப்ப சரியாயிடுச்சு. உன் கண்ணுக்குச் சொட்டு மருந்து நிறுத்திட்டாங்களா?

குழாயடி அமைதியாத்தான் இருக்குது. அந்தச் சுவர் தாள்தான் எனக்குப் பிடிக்கல. டீ நேரத்துல அதுக்கு முன்னாடி ஒரே கூட்டம். படிக்கறவங்க பேசறதில்ல. அர்ச்சுனன் போன்ல படம் புடிச்சு அவன் தெரு குரூப்புல போட்டிருக்கான். ஏன்டான்னு கேட்டதுக்கு, “சும்மா போட்டேன் மொதலாளி, காலேஜு புள்ளைங்க எழுதினது, நாலு பேரு படிக்கட்டுமே”ங்கறான்.

இங்க ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துது. ஒரு பொம்பள அழுதுக்கிட்டே பேசுது, வடக்கேர்ந்து புள்ள புடிக்கறவங்க வந்திருக்காங்கன்னு. பெண்ணாடத்துக்கிட்ட போர்வை விக்க வந்த ஒருத்தனைச் சர்க்கரை மில்லு வரைக்கும் தொரத்துனாங்களாம். நம்ம ஊருக்கு அதெல்லாம் வராது. இருந்தாலும் தாளை எடுத்துடலாமான்னு பாக்கறேன்.

கோவிந்தராசு


புதுச்சேரி
27-1-2025

அன்புள்ள தம்பிக்கு,

சொட்டு மருந்து இன்னும் ஒரு வாரம். துர்காவை வெயிலில் அலைய விடாதே.

தாளை எடுக்காதே என்று கேட்டுக்கொள்கிறேன். எடுத்தால் அதில் ஏதோ மறைக்க வேண்டியது இருந்தது என்றாகிவிடும். வகுப்பில் யாராவது ஒரு தாளைச் சட்டென்று மேசைக்கடியில் ஒளித்தால், மற்ற நாற்பது பேரும் அதைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, அந்த மெசேஜைக் கேட்டபோது என்ன உணர்ந்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். பயத்தைப் பேச விட்டால் பாதி போய்விடும்.

சுதாமின் மகளுக்கும் ஐந்து வயதாம். மீந்த களிமண்ணில் அவளுக்கென்று ஒரு கிளி செய்து, ஊருக்கு எடுத்துப் போக நாளாகும் என்று வெண்பாவிடம் கொடுத்துவிட்டானாம். காவியா சொன்னாள். தாளில் இருந்த பொம்மை அதுதான்.

அர்ச்சுனனிடம் நீயே ஒரு வார்த்தை பேசு. உன்னால் முடியும்.

அக்கா


புதுச்சேரி
14-2-2025

தம்பி கோவிந்தராசுக்கு,

உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கவலையாக இருக்கிறது.

சுவரில் இருந்த இருபது தாள்களில் ஒன்றை மட்டும் யாரோ கிழித்து எடுத்திருக்கிறார்கள், சுதாமைப் பற்றியதை. வட்டமாக உட்காரக் கூப்பிட்டதற்கு ஒடிசாக்காரர்கள் எட்டுப் பேரும் வந்தார்களாம். நம் ஆட்களில் ஆராயி மட்டும் வந்தாளாம், அவளும் பாதியில் எழுந்து போய்விட்டாளாம். காவியாவை அவள் அப்பா இனி அங்கே அனுப்ப மாட்டேன் என்கிறார். இரண்டு பைக்கில் வந்தவர்கள் சுதாமின் அறை எது என்று கடைக்காரரிடம் விசாரித்ததைத் திலீபன் தன் காதால் கேட்டிருக்கிறான்.

கோவிந்தராசு, மாசி மகத்துக்கு ஊரே திரண்டு வரும். அது முடியும்வரை சுதாமை அவன் ஊருக்கு அனுப்பிவை. முடியாவிட்டால் உங்கள் மாடி அறையில் தங்க வை. அந்த அறை சும்மாதானே இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் பத்திரமாக இருக்கிறான் என்று உன் கையால் எழுதி வர வேண்டும். கேட்கிறேன்.

அக்கா


விருத்தாசலம்
24-2-2025

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கால் வலிக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு வைத்தியர்கிட்ட போனோம். எண்ணெய் குடுத்திருக்கார். கோயிலுக்கும் போயிட்டு வந்தோம். இந்த வருசம் வெயில் இப்பவே ஆரம்பிச்சிடுச்சு. பழைய சூளையில விரிசல், ஆள் வெச்சுப் பூசினோம். ஊறுகாய் ஜாடிக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்குது. மாசி மகத்துக்குள்ள அனுப்பியாகணும்.

சுதாம் இருக்கான். வேலை நடக்குது. ஆர்டர் முடியற வரைக்கும் அனுப்ப முடியாது. மாடி ரூமுக்குத் துர்கா ஒத்துக்கல. எங்க எதிர் வூட்டுக்காரங்களே ஒரு மாதிரி பாக்கறாங்க.

அங்க உக்காந்து எழுதறது சுலபம் அக்கா.

கோ.


புதுச்சேரி
28-2-2025

தம்பிக்கு,

மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. சொன்ன சொல்லை நான்தான் மீறினேன். கோபித்துக்கொள்.

அங்கே உட்கார்ந்து எழுதுவது சுலபம் என்றாய். உண்மை. தாளில் ஒரு வரியை அடிப்பதும் இங்கிருந்து சுலபமாகத்தான் இருந்தது. இந்தக் கடிதத்தோடு ஒரு புதுத் தாள் வைத்திருக்கிறேன். காவியா முதலில் எழுதிய வாக்கியம் அப்படியே அதில் இருக்கிறது. ஆராயி கேட்டுக்கொண்டதால் என்பதும் இருக்கிறது, அன்பாக என்பதும் இருக்கிறது. கீழே, முந்தைய தாளைத் திருத்தியது நான், அது என் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கிழித்த இடத்திலேயே ஒட்டு. அர்ச்சுனனைப் படம் பிடித்து அதே குரூப்பில் போடச் சொல்.

கல்லூரியில் களப்பணியை நிறுத்திவிட்டார்கள். திலீபனும் வந்துவிட்டான். அங்கே இப்போது உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

அக்கா


விருத்தாசலம்
17-3-2025

அக்காவுக்கு,

நாங்க நலம். மாசி மகம் முடிஞ்சுது. ஜாடி எல்லாம் லாரி ஏறிடுச்சு.

சுதாம் ஊருக்குப் போயிட்டான். நீ கவலைப்படாத.

கோ.


புதுச்சேரி
27-3-2025

கோவிந்தராசு,

சுதாம் ஊருக்குப் போகவில்லை. இங்கேதான் இருக்கிறான். என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், பெரிய ஆஸ்பத்திரியில், இரண்டாம் மாடியில். உன் கடிதம் வந்த மறுநாள் திலீபன் வந்து சொன்னான். தினமும் போய்ப் பார்க்கிறேன்.

தாடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. ஒரு பக்கக் காது கேட்கவில்லை. வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். காவலுக்கா, ஓடிவிடக் கூடாதென்றா என்று கேட்டேன். “ரெண்டுக்கும்தாம்மா” என்றார். குழந்தையைக் கடத்த வந்தவன் என்று அவன் மேல் வழக்கு. சாட்சியாக வைத்திருப்பது நாங்கள் எழுதிய தாள்.

அவன் தன் மொழியில் எழுதிக் காட்டுகிறான், புதுச்சேரியில் வேலை செய்யும் அவன் ஊர்க்காரன் ஒருவன் படித்துச் சொல்கிறான். மாசி மகத்துக்கு மறுநாள், நாலரை மணிக்கு, வெண்பா வேனை விட்டு இறங்கி அவன் கையைப் பிடித்தாளாம். அப்போது நான்கு பேர் வந்தார்களாம். பிறகு முப்பது பேராம். குழந்தையை விட்டுவிட்டுக் கம்பெனி கேட்டுக்கு ஓடி வந்திருக்கிறான். கேட் பூட்டியிருந்ததாம். தட்டினானாம். உள்ளே யாரோ நின்றார்களாம். யார் என்று அவன் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விருத்தாசலம் வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் துர்கா காபி கொடுத்திருப்பாள், நானும் குடித்துவிட்டுப் பேச வந்ததைப் பேசாமல் திரும்பியிருப்பேன். ஸ்டேஷனில் போய், தாளைத் திருத்தியது நான் என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். “நீங்க திருத்தினீங்க, சரி. கூட்டிட்டு வரச் சொன்னேன்னு குழந்தையோட அம்மா சொல்லணுமே” என்றார். அவள் இன்னும் வாய் திறக்கவில்லையாம்.

முப்பது வருடமாக வார்த்தையைத் திருத்திச் சம்பாதித்தவள் நான். ஒருவன் படுக்கையில் கிடக்கிறான், அதில் என் பேனாவுக்குப் பங்கு இருக்கிறது. அதை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் ஆராயியிடம் போக என்னால் முடியாது. அவள் தெருவில் நான் காலெடுத்து வைத்தால் அவளுக்குத்தான் ஆபத்து. அவளிடம் பேசக்கூடியவன் நீ ஒருவன்தான்.

செல்வநாயகி


விருத்தாசலம்
3-4-2025

அக்கா,

நீ வந்துட்டுப் போனது எனக்கு அன்னிக்கே தெரியும். அர்ச்சுனன் வந்து சொன்னான்.

கேட்டுக்கு உள்ள நின்னது நான்தான். பூட்டச் சொன்னதும் நான்தான். கூட்டம் உள்ள புகுந்தா சூளை எரியிற நேரம், கேஸ் லைன் இருக்குது, மத்த ஏழு பேரும் உள்ள இருக்காங்கன்னு நெனச்சேன். அது பொய் இல்ல. ஆனா அவன் வந்து தட்டினப்போ கூட்டம் இன்னும் ரோட்டுத் திருப்பத்துலதான் இருந்துது. ஒரு ஆள் நுழையற அளவுக்குத் தெறந்திருக்கலாம். நேரம் இருந்துது. அவன் “மொதலாளி, நான்தான்”னு சொன்னான். தட்டறது யாருன்னு தெரியாமத்தான் நான் தெறக்கலைன்னு நெனச்சுட்டான் போல.

நீ அனுப்பின தாள் என் மேசை டிராயர்ல இருக்குது. ஒட்டல.

இன்னொண்ணும் இருக்குது. அடி விழறதுக்குப் பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே சுதாமை வேலையை விட்டு நிறுத்திட்டேன், அவனுக்கு இங்க வேலையே இல்லைன்னு ஸ்டேஷன்ல நான் எழுதிக் குடுத்திருக்கேன். அர்ச்சுனன் எழுதி எடுத்துக்கிட்டு வந்தான். அந்த நாலு பேருல ஒருத்தன் அவன் தம்பி. கையெழுத்துப் போடலைன்னா மறுநாள் கம்பெனி இருக்காதுன்னு யாரும் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன். மத்த ஏழு பேரும் அந்த வாரமே ரயிலேறிட்டாங்க.

இன்னிக்கு ஆராயி வூட்டுக்குப் போனேன். அவ புருசன் எழுந்து வெளிய போயிட்டான். அப்புறம் அவ சொன்னா, “நான்தான் மொதலாளி கூட்டிட்டு வரச் சொன்னேன். ஷிப்டு அஞ்சு மணிக்குத்தான முடியுது. அந்தத் தம்பிய நம்பித்தான் சொன்னேன். நீங்க கூட வந்தீங்கன்னா ஸ்டேஷன்ல சொல்றேன். நீங்க குடுத்தது தப்புன்னு நீங்க சொல்லணும், நான் கூட்டிட்டு வரச் சொன்னது நெஜம்னு நான் சொல்றேன்.”

நாளைக்குக் காலையில பத்து மணின்னு முடிவாச்சு. வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எழுதிக் குடுத்ததை மாத்தினா என் மேலயே கேஸ் வரும்னு வக்கீல் சொல்றார். துர்கா சாப்பிடாமப் படுத்திருக்கா.

இதை நீ படிக்கறதுக்குள்ள நாளை முடிஞ்சிருக்கும். நான் நல்லவனா இருந்திருப்பேன்னு நெனச்சுக்க அக்கா. நெனைக்கறதுக்கு உனக்கு ரெண்டு மூணு நாள் இருக்குது.

தம்பி


விருத்தாசலம்
8-4-2025

டீச்சரம்மாவுக்கு ஆராயி எழுதறது.

நீங்க நல்லா இருக்கீங்களா? என்னை நீங்க பாத்ததில்ல. திலீபன் தம்பிதான் அட்ரஸ் குடுத்துச்சு. நான் எட்டாவது வரைக்கும் படிச்சேன். தப்பு இருந்தா கோச்சுக்காதீங்க.

வெள்ளிக்கிழம பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல நின்னேன். மொதலாளி வரல. பத்தரைக்கு அவர் காரு வந்து எதுத்தாப்புல இருக்கற டீக்கடைக்கிட்ட நின்னுச்சு. கண்ணாடி ஏத்தி இருந்துச்சு. உள்ள அவர் இருந்தாரு, நான் பாத்தேன். என்னையும் அவரு பாத்தாரு. எறங்கிடுவாருன்னு பதினோரு மணி வரைக்கும் நின்னேன். அப்புறம் நான் மட்டும் உள்ள போனேன்.

அந்தத் தம்பிய நான்தான் கூட்டிட்டு வரச் சொன்னேன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. படிச்சுக் காட்டினாங்க. நான் சொன்னது எல்லாமே அதுல இருந்துச்சு, கையெழுத்துப் போட்டேன். ஏம்மா இவ்வளவு நாளா சொல்லலைன்னு கேட்டாங்க. பயம்னு சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க.

வெளிய வந்தப்போ காரு அங்கேயேதான் நின்னுச்சு. நான் அந்தப் பக்கம் பாக்காம நடந்தேன். கொஞ்ச நேரத்துல என்னைத் தாண்டிப் போச்சு.

சாயந்தரமே தெருவுக்குத் தெரிஞ்சிடுச்சு. இப்ப யாரும் எங்ககூடப் பேசறதில்ல. கடையில சாமான் குடுக்க மாட்டேங்கறாங்க, பஸ்ஸு ஏறிப் போய் வாங்கிட்டு வரேன். அர்ச்சுனன் அண்ணனோட தம்பி எங்க வூட்டு எதுக்க வந்து தினமும் உக்காருது. ஒண்ணும் சொல்றதில்ல, சும்மா உக்காருது. வேலைக்கு வர வேணாம்னு கம்பெனியிலேர்ந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. வெண்பாவ சேத்தியாத்தோப்புல எங்க அம்மா வூட்டுல வுட்டுட்டேன். சுதாம் மாமா எங்கேன்னு அது கேக்குது. ஊருக்குப் போயிடுச்சுன்னு சொல்லியிருக்கேன்.

கோர்ட்டுக்கும் வந்து சொல்லணும்னு சொல்லியிருக்காங்க. தேதி வந்தா வருவேன். சொன்னத மாத்த மாட்டேன். அன்னிக்கு மட்டும் யாராவது ஒருத்தரு என்கூட உள்ள வரைக்கும் வந்தா தேவல.

ஆராயி